முட்டியில் தட்டினால் கால் அசையவில்லை: எனக்கு நரம்பு நோயா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நீண்ட கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மற்றவர்களும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால், உங்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

உங்களுக்கு வயது 38. அலுவலகம் ஏற்பாடு செய்த உடல் பரிசோதனையில் மருத்துவர் உங்கள் இரண்டு முட்டிகளுக்குக் கீழேயும் ரப்பர் சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. "ரிஃப்ளெக்ஸ் இரு பக்கமும் குறைவு" என்று எழுதிவிட்டு, விளக்கம் எதுவும் சொல்லாமல் அடுத்தவரை அழைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து ஒரு தடித்த புத்தகத்தின் முதுகால் நீங்களே தட்டிப் பார்த்தீர்கள், அப்போதும் அசைவில்லை. உங்கள் மனைவிக்குத் தட்டியதும் கால் துள்ளியது. அன்று இரவு இணையத்தில் தேடியதில் உலகில் உள்ள எல்லா நரம்பு நோய்களும் உங்களுக்கு இருப்பதாகத் தோன்றிவிட்டது. அதே வேகத்தில் 9 மாதக் குழந்தையின் உள்ளங்காலைக் கீறிப் பார்த்து, கட்டைவிரல் மேலே போனதைக் கண்டு இன்னும் கலங்கினீர்கள். நரம்புச் சத்து மாத்திரை என்று கடையில் கேட்டு வாங்கி, இரண்டு வாரமாகக் காலையும் இரவும் சாப்பிடுகிறீர்கள். மூளைக்கும் முதுகுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துவிடலாமா என்பது உங்கள் முக்கியமான கேள்வி.

கூடவே இரண்டு சந்தேகங்கள். "சூடான பாத்திரத்தில் கை பட்டால், கையை எடுத்த பிறகுதான் சுடுகிறது. என் மூளை மெதுவாகிவிட்டதா?" என்பது ஒன்று. "வாரத்தில் மூன்று நாள் பாட்மிண்டன் ஆடுகிறேன், எதிராளி ஓங்கி அடிப்பதையும் திருப்பி அடிக்கிறேன். ரிஃப்ளெக்ஸ் செத்துப்போனவனால் இது எப்படி முடியும்?" என்பது மற்றொன்று. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: "அப்பாவுக்கு 66 வயது, 14 வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். நடக்கும்போது செருப்பு கழன்று போவதுகூட அவருக்குத் தெரிவதில்லை. எங்கள் குடும்பத்துக்கே நரம்புத் தளர்ச்சி இருக்குமோ?"

நேராகவே சொல்கிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் முட்டி என்னைப் பயமுறுத்தவில்லை. மரத்துப்போதல் இல்லை, பலவீனம் இல்லை, படி ஏறுகிறீர்கள், ஓடுகிறீர்கள், ஆடுகிறீர்கள். இப்படிப்பட்ட ஒருவருக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ரிஃப்ளெக்ஸ் குறைவாக இருப்பது பெரும்பாலும் அவருடைய இயல்புதான். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது உங்கள் அப்பாவைப் பற்றிய அந்த ஒரு வரி. அதற்கு வருகிறேன். அதற்கு முன் ரிஃப்ளெக்ஸ், அதாவது அனிச்சைச் செயல், எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தால் உங்கள் பயத்தில் பாதி தானாகவே போய்விடும். அப்பா விஷயத்தில் நீங்கள் ஏன் அவசரப்பட வேண்டும் என்பதும் புரியும்.

முட்டியில் தட்டும்போது நடப்பது

முழங்கால் சில்லுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினால் ஒரு தடித்த பட்டை தட்டுப்படும். தொடையின் முன்பக்கத் தசையை முழங்காலுக்குக் கீழே உள்ள கால் எலும்போடு கட்டிவைத்திருக்கும் தசைநாண் அது. சுத்தியல் அங்கே பட்டதும் அந்த நாண் சற்று உள்ளே அமுங்குகிறது. அதனால் மேலே தொடைத் தசை ஒரு நொடியின் சிறு பகுதிக்கு இழுபடுகிறது. இங்கே உடல் உணர்வது அடியை அல்ல, இந்த இழுப்பைத்தான். தசைக்குள் நீளத்தை அளப்பதற்கென்றே தசைக்கதிர்கள் எனப்படும் நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. தசை எதிர்பாராமல் நீண்டுவிட்டது என்ற செய்தியை அவைதான் அனுப்புகின்றன.

அந்தச் செய்தி போகும் நரம்பிழைகள் நம் உடலில் உள்ளவற்றிலேயே மிக வேகமானவை. வினாடிக்கு 80 முதல் 120 மீட்டர் வரை பாய்பவை. செய்தி தொடையிலிருந்து கிளம்பி, தண்டுவடத்தின் பின்பக்க வேர் வழியாக உள்ளே நுழைகிறது. இடுப்புப் பகுதிக்குரிய 3, 4ஆம் பிரிவுகளில் அது ஒரே ஓர் இணைப்பைத் தாண்டி, அதே தொடைத் தசையை இயக்கும் நரம்புச் செல்லைத் தொடுகிறது. அந்தச் செல்லின் கட்டளை முன்பக்க வேர் வழியாக வெளியேறித் தசைக்குத் திரும்புகிறது. தசை சுருங்குகிறது, கால் முன்னால் உதைக்கிறது. சுத்தியல் பட்டதிலிருந்து தசையில் மின் துடிப்பு தோன்றும் வரை ஏறக்குறைய 20 மில்லிவினாடிதான். கண் இமைத்து முடிப்பதற்குள் பல முறை நடந்து முடியக்கூடிய விஷயம்.

அதே நேரத்தில் இன்னொரு வேலையும் நடக்கிறது. தொடைக்கு முன்னால் உள்ள தசை சுருங்கும்போது பின்னால் உள்ள தசை விறைத்து நின்றால் கால் நகராது. அதனால் உள்ளே வந்த செய்தியின் ஒரு கிளை, இடையில் உள்ள ஒரு சிறு நரம்புச் செல் வழியாகப் பின்தொடைத் தசையை அடக்கிவைக்கிறது. இத்தனை ஒழுங்கும் மூளையைக் கேட்காமல் தண்டுவடத்துக்குள்ளேயே முடிகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

இந்த ஏற்பாடு மருத்துவர்கள் தட்டிப் பார்ப்பதற்காக உருவானதல்ல. நீங்கள் நிற்கும்போது முழங்கால் லேசாக மடங்கினாலும் தொடைத் தசை நீளும்; உடனே அதைச் சுருக்கி உங்களை நிமிர்த்துவதில் இந்தச் சுற்றுக்குப் பங்கு உண்டு. நடக்கும்போதும், கையில் இருக்கும் பொருளின் எடை திடீரென்று கூடும்போதும் இதே சுற்று ஓசையில்லாமல் வேலை செய்கிறது.

இது மூளையின் பலத்தைக் காட்டும் சோதனை என்று நீங்கள் நினைத்ததில் வெட்கப்பட எதுவும் இல்லை. 1875இல் எர்ப், வெஸ்ட்ஃபால் என்ற இரண்டு ஜெர்மானிய மருத்துவர்கள் தனித்தனியே முழங்கால் துள்ளலைப் பற்றி எழுதியபோது, அது நரம்பு வழியாக நடக்கும் அனிச்சைச் செயல் என்றார் எர்ப். தட்டப்பட்ட தசை நேரடியாகத் துள்ளுகிறது என்றார் வெஸ்ட்ஃபால். எர்ப் சொன்னதுதான் சரி என்று உறுதிப்பட ஆண்டுகள் ஆயின. தண்டுவடத்தின் இந்த வேலைகளை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த சார்லஸ் ஷெரிங்டன் 1932இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பாட்மிண்டனும் சூடான பாத்திரமும்

பாட்மிண்டன் ஆட்டத்தில் நீங்கள் காட்டும் வேகத்தை நாம் பேச்சுவழக்கில் ரிஃப்ளெக்ஸ் என்கிறோம். உடலியலில் அது வேறு வகை. கண் பார்க்க வேண்டும், மூளை அடையாளம் காண வேண்டும், முடிவெடுக்க வேண்டும், கைக்கு ஆணையிட வேண்டும். எளிமையான ஓர் ஒளியைப் பார்த்துப் பொத்தானை அழுத்துவதற்கே மனிதர்களுக்கு 200 மில்லிவினாடி அளவில் ஆகிறது. முழங்கால் துள்ளலைப் போலப் பத்து மடங்கு. எதிராளியின் தோளையும் மட்டையின் சாய்வையும் பார்த்து, பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே கணித்துவிடுவதால்தான் நீங்கள் திருப்பி அடிக்கிறீர்கள். பயிற்சியால் கூர்மையாகும் திறமை அது. முழங்கால் துள்ளல் குறைவாக இருப்பதால் அது குறையாது. ஆட்டத்தில் நீங்கள் வேகமாக இருப்பதால் முழங்கால் துள்ள வேண்டும் என்றும் இல்லை.

சூடான பாத்திரத்தில் நடப்பது உண்மையான அனிச்சைச் செயல்; முழங்காலைவிடச் சிக்கலானது. தோலில் உள்ள வலி உணர்விகளின் செய்தி கழுத்துப் பகுதித் தண்டுவடத்தை அடைந்து, பல இணைப்புகளைத் தாண்டி, முழங்கையை மடக்கும் தசைகளைத் தூண்டுகிறது. கை விலகுகிறது. செய்தியின் இன்னொரு பகுதி மூளைக்குப் போய் வலியாக உணரப்படுவதற்கு அதைவிட நேரம் பிடிக்கிறது. அதிலும் வலிச் செய்தி இரண்டு வகை இழைகளில் போகிறது. ஒன்று வினாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகம். சுரீரென்ற முதல் வலி அதன் வேலை. இன்னொன்று வினாடிக்குச் சுமார் 1 மீட்டர்தான்; பின்னால் வந்து நெடுநேரம் நிற்கும் எரிச்சல் அதில் வருகிறது. விரல் நுனியிலிருந்து தண்டுவடம் வரையிலான தூரத்தைக் கடக்க அந்த மெதுவான இழைக்கு ஒரு வினாடியை ஒட்டி ஆகும். ஆகவே கை விலகிய பிறகு சுடுவது எல்லோருக்கும் அப்படித்தான். உங்கள் மூளை மெதுவாகவில்லை. தண்டுவடம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

மூளைக்கு இதில் பங்கே இல்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். கொதிக்கும் பாத்திரத்தை இறக்கும்போது பக்கத்தில் குழந்தை நின்றால், கை வெந்தாலும் கீழே போடாமல் சமாளிக்கிறோம். குதிரையின் கடிவாளத்தைப் போல, மூளையிலிருந்து இறங்கும் நரம்புப் பாதைகள் தண்டுவடத்தின் வேகத்தை எப்போதும் இழுத்துப் பிடித்தே வைத்திருக்கின்றன. பக்கவாதத்திலோ, கழுத்தில் தண்டுவடம் நசுங்கும்போதோ அந்தப் பிடி விட்டுப்போகிறது. அப்போது ரிஃப்ளெக்ஸ் குறைந்தே இருந்துவிடாது. திடீர் பாதிப்பில் முதலில் சில நாட்களோ வாரங்களோ அடங்கியிருக்கலாம்; பிறகு கட்டுக்கடங்காமல் துள்ளும். கால் துள்ளத் துள்ள நரம்பு பலமாக இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். நீங்களும் மனைவியின் காலைப் பார்த்து அப்படித்தான் நினைத்தீர்கள். அளவுக்கு மீறிய துள்ளல்தான் பல சமயம் மருத்துவர்களான எங்களை மூளையையும் தண்டுவடத்தையும் தேட வைக்கிறது. உங்கள் மனைவியைப் பற்றி இப்போது கவலைப்படத் தொடங்கிவிடாதீர்கள். பதற்றமான மனநிலையில் இருப்பவர்களுக்கும், இயல்பிலேயே சிலருக்கும், இரு பக்கமும் ஒரே மாதிரி நன்றாகத் துள்ளும்.

சுத்தியலை நாங்கள் எப்படி வாசிக்கிறோம்

ரிஃப்ளெக்ஸுக்கு 0 முதல் 4 வரை எண் கொடுப்போம். 2 என்பது நடுத்தரம். ஆனால் 1 வாங்கியவர் தேர்வில் தோற்றவர் அல்ல. எண்ணைவிட ஒப்பீடுதான் முக்கியம்: வலது பக்கமும் இடது பக்கமும் ஒன்றுபோல் இருக்கின்றனவா? கையில் எப்படி, காலில் எப்படி? ரிஃப்ளெக்ஸ் குறைவான இடத்தில் தசை மெலிந்திருக்கிறதா, உணர்ச்சி குறைந்திருக்கிறதா?

ஒவ்வொரு தட்டும் ஒரு குறிப்பிட்ட இடத்தை விசாரிக்கிறது. முழங்கையின் முன்பக்கம் தட்டினால் கழுத்தின் 5, 6ஆம் நரம்புகள். முழங்கையின் பின்பக்கம் 7ஆம் நரம்பு. முழங்கால் இடுப்புப் பகுதி. குதிகால் நாண் அதற்கும் கீழே திருவெலும்புப் பகுதியின் முதல் நரம்பு. முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் வட்டு (டிஸ்க்) பிதுங்கி அந்த நரம்பை அழுத்தினால், ஒரு பக்கத்துக் குதிகால் ரிஃப்ளெக்ஸ் மட்டும் மறையும். தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்குக் குதிகாலில் தட்டினால் பாதம் இயல்பாக அசைந்துவிட்டு, தன் இடத்துக்குத் திரும்ப மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளும். பார்க்கப் பழகிய கண்ணுக்கு அது உடனே தெரியும்.

இனி உங்கள் விஷயம். தசை முழுவதும் தளர்ந்திருந்தால்தான் இந்தச் சோதனை செல்லும். அடி எப்போது விழும் என்று தெரிந்தவர் தம்மை அறியாமலே தொடையை விறைப்பாக்கிவிடுவார். தனக்குத் தானே தட்டிக்கொள்பவருக்கு அது நிச்சயமாகத் தெரியும். ஆகவே புத்தகத்தால் நீங்கள் செய்த சோதனையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பரிசோதனை முகாமின் அவசரத்தில் செய்ததும் பாதிக் கணக்குதான். துள்ளல் வராதபோது நாங்கள் ஓர் உத்தி செய்வோம்: இரண்டு கை விரல்களையும் கொக்கிபோல் கோத்து, நாங்கள் தட்டும் நொடியில் பலமாக இழுக்கச் சொல்வோம். ஹங்கேரி மருத்துவர் எர்னோ யென்டிராசிக் 1885இல் விவரித்த முறை இது. கையில் கொடுக்கும் முயற்சி, கால் தசைகளுக்குரிய நரம்புச் செல்களையும் எளிதில் தூண்டப்படும் நிலைக்குக் கொண்டுவருகிறது. இல்லை என்று எழுதப்பட்ட எத்தனையோ ரிஃப்ளெக்ஸ்கள் இப்படிச் செய்ததும் எழுந்துவந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்கும் வராவிட்டால்? அப்போதும் பயப்பட அவசியமில்லை. சில கேள்விகள் மட்டும் உண்டு. பாத வளைவு மிக உயரமாக இருக்கிறதா, கெண்டைக்கால் மெலிந்திருக்கிறதா, சிறுவயதிலிருந்தே தடுக்கி விழுவீர்களா என்று கேட்போம். பரம்பரையாக வரும் நரம்பு நோய்களின் அடையாளங்கள் அவை. கண் பாவைகளைப் பார்ப்போம். சிலருக்கு ஒரு பாவை பெரிதாகவும் வெளிச்சத்துக்கு மெதுவாகவும் இருக்கும், கூடவே ரிஃப்ளெக்ஸும் இருக்காது. பெரும்பாலும் ஆபத்தில்லாத நிலை அது. எதுவும் இல்லையென்றால், இவருடைய இயல்பு இது என்று குறிப்பேட்டில் எழுதிவைப்போம். அந்தக் குறிப்புக்கு மதிப்பு உண்டு. பிற்காலத்தில் யாராவது தட்டிப் பார்த்துத் திடுக்கிடும்போது, முன்பிருந்தே இப்படித்தான் என்று நீங்கள் காட்டலாம்.

குழந்தையின் கட்டைவிரலைப் பற்றி ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் கவலைக்கு இடமே இல்லை. உள்ளங்காலைக் கீறும்போது கட்டைவிரல் மேலே எழுவதை 1896இல் ஜோசப் பாபின்ஸ்கி விவரித்தார். பெரியவர்களுக்கு அது மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கும் பாதை பழுதானதன் அடையாளம். குழந்தைகளுக்கு அந்தப் பாதை இன்னும் முதிரவே இல்லை. நடக்கத் தொடங்கும் பருவம் வரை, சிலருக்கு இரண்டு வயது வரைகூட, விரல் மேலே போவது இயற்கை. திடுக்கிட்டுக் கைகளை விரிக்கும் அனிச்சை 4 முதல் 6 மாதத்துக்குள் மறைந்துவிடும். இது அதைவிடத் தாமதமாக மறையும். ஒரு கையையோ காலையோ மட்டும் குழந்தை குறைவாகப் பயன்படுத்தினால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி அந்தப் பிஞ்சுப் பாதத்தைக் கீறிப் பார்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஸ்கேன் எடுக்கலாமா?

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உருவத்தைக் காட்டும்; ரிஃப்ளெக்ஸ் சுற்று வேலை செய்கிறதா என்று காட்டாது. அறிகுறி எதுவும் இல்லாமல் எடுப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. முதுகுவலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில், 40 வயதுக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வட்டுப் பிதுக்கம் இருந்தது. உங்களுக்கும் அப்படி ஒன்று தெரிந்தால், அதற்கும் உங்கள் முழங்காலுக்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும், இரவுத் தூக்கம் போய்விடும். தேவையில்லாத சிகிச்சைக்கும் யாராவது இழுத்துவிடக்கூடும்.

நான் சொல்லும் வழி இது. ஒரு பொது மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ நிதானமான நேரத்தில் ஒருமுறை முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ரத்தத்தில் சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12 அளவுகளைப் பார்ப்பது போதும். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் உங்களுக்கு அந்தச் சோதனை எப்படியும் நல்லது. நரம்பு மின்கடத்தல் சோதனை, பரிசோதனையில் ஏதாவது தென்பட்டால் மட்டும்.

விளக்கம் சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அந்த வருத்தம் நியாயமானது. குறிப்பில் எழுதியதன் பொருள் என்ன என்று கேட்கவும், அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கவும், இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. யார் எந்தச் சோதனையை எழுதிக் கொடுத்தாலும், "இதன் முடிவு என் சிகிச்சையில் எதை மாற்றும்?" என்று தயங்காமல் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லாத சோதனையை ஒத்திப்போடவும் உங்களால் முடியும்.

அந்த மாத்திரைகளை நிறுத்திவிடுங்கள். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பைரிடாக்ஸின் என்ற பெயர் இருக்கலாம். அது வைட்டமின் பி6. மிகுந்த அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டால் அதே பி6 உணர்வு நரம்புகளைக் கெடுக்கும். கால் மரத்துப்போகும், ரிஃப்ளெக்ஸும் போகும். இரண்டு வாரத்தில் பெரிய கெடுதல் நேர்ந்திருக்காது. பி12 சேர்ந்த மாத்திரை என்றால், சாப்பிட்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் அதன் அளவு செயற்கையாக உயர்ந்து காட்டும். ரிஃப்ளெக்ஸைக் கூட்டும் மாத்திரை என்று ஒன்று இல்லை. குறைபாடு இருந்தால் அதை ஈடுசெய்யலாம், அவ்வளவே. நரம்புத் தளர்ச்சி என்ற பொதுப்பெயரில் விற்கப்படும் எதையும் காரணம் தெரியாமல் வாங்க வேண்டாம்.

உங்கள் அப்பாவின் பாதங்கள்

செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால், பாதம் அனுப்ப வேண்டிய செய்தி மேலே போய்ச் சேரவில்லை என்று பொருள். நீண்ட காலச் சர்க்கரை, மிக நீளமான நரம்பிழைகளை முதலில் தாக்கும். அவை பாதத்துக்குப் போகிறவை. முள்ளோ கண்ணாடித் துண்டோ குத்தினால் நமக்கு என்ன நடக்கிறது? குத்துப்பட்ட கால் சட்டென்று மடங்குகிறது. அதே கணத்தில் மற்றக் கால் விறைத்து உடலைத் தாங்கிக்கொள்கிறது. இந்தப் பாதுகாப்புக்கு முதல் தேவை, குத்தியது என்ற செய்தி. அது வராத பாதம் விலகாது. அவர் அதன் மீதே நடப்பார், காயம் ஆழமாகும், வலிக்காது. சர்க்கரையால் வரும் பாதப் புண்களில் பல இப்படித்தான் தொடங்குகின்றன.

இது பரம்பரைத் தளர்ச்சி என்று விட்டுவிடக்கூடியதல்ல. இந்த வாரமே அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கால் கட்டைவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். பாதத்தின் நாடியையும் பார்க்க வேண்டும். குதிகால் ரிஃப்ளெக்ஸ் வயதானவர்களுக்குச் சர்க்கரை இல்லாமலே மறையலாம் என்பதால், அதை மட்டும் நம்ப முடியாது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தப் பாதப் பரிசோதனை, நோய் தெரிந்த நாளிலிருந்தே ஆண்டுக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டும். அவருக்கு நடக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு அது குறையலாம். அந்தக் குறைபாடு பாத நரம்புகளோடு தண்டுவடத்தையும் தாக்கும். குதிகால் ரிஃப்ளெக்ஸ் மறைந்தும், கட்டைவிரல் மேலே எழுந்தும் இருக்கும் விசித்திரமான சேர்க்கை அப்போது வரலாம். எல்லாவற்றையும் சர்க்கரையின் தலையில் போட்டுவிட்டால், குணப்படுத்தக்கூடிய இந்தக் காரணம் தப்பிவிடும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் தினமும் செய்ய வேண்டும். இரவு படுக்கும் முன் இரண்டு பாதங்களையும், விரலிடுக்குகள் உட்பட, யாராவது ஒருவர் பார்த்துவிடுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். பின்பட்டை உள்ள, மெத்தென்ற செருப்போ காலணியோ வாங்கிக் கொடுங்கள். போடும் முன் உள்ளே கைவிட்டுப் பார்க்கப் பழக்குங்கள். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்க வேண்டாம். உணர்வு சரியாக உள்ள வேறொருவர் பார்க்கட்டும். வெந்நீர்ப் பையைப் பாதத்தில் வைக்கவே கூடாது. காய்ப்பை பிளேடால் சீவ வேண்டாம். சிறு கொப்புளமோ கீறலோ தெரிந்தால், வலிக்கவில்லையே என்று காத்திருக்காமல் அன்றோ மறுநாளோ காட்டுங்கள். சிவப்பு பரவினாலோ, வீக்கம், துர்நாற்றம், காய்ச்சல், கறுத்த தோல் என எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

உங்களுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ, சில நாட்களுக்குள் கால்கள் பலவீனமாகி அது மேல்நோக்கி ஏறினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் குய்லன்-பாரே நோயில் ரிஃப்ளெக்ஸ் மறைவதோடு மூச்சுத் தசைகளும் பாதிக்கப்படலாம். முதுகுவலியோடு பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போய், சிறுநீர் வராமல் நின்றாலும் தாமதிக்கக் கூடாது. முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் திடீரென்று விழுதல், பேச்சுக் குழறுதல் என்றால் நிமிடங்களே முக்கியம். கைவிரல்கள் தடுமாறிப் பொத்தான் போட முடியாமல், கால்கள் விறைத்து நடை மாறினால் அன்றே ஓட வேண்டியதில்லை; ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போடாமல் கழுத்துத் தண்டுவடத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் கேட்ட எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உண்மையிலேயே தேவைப்படுவது இப்படிப்பட்ட நேரங்களில்தான்.

அப்பாவை அழைத்துப் போகும் நாளில், அவருடைய மருந்துச் சீட்டுகளோடு உங்கள் பரிசோதனை அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள். முதலில் அவர் பாதத்தைப் பார்க்கட்டும். நேரம் இருந்தால் நீங்களும் மேசை விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, விரல்களைக் கோத்து இழுத்தபடி இன்னொரு முறை தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.